ரிவர் பிர்ச்சா, வெள்ளைப் பிர்ச்சா? உங்கள் தோட்டத்தில் எது நிலைக்கும்

பட்டையின் அழகுக்காகத் தோட்டத்தில் வளர்க்கும் பிர்ச் மரத்தின் கன்றை வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது வெள்ளைப் பட்டைதான். பட்டை அழகில் பேப்பர் பிர்ச்சோடும் ஐரோப்பிய வெள்ளைப் பிர்ச்சோடும் ரிவர் பிர்ச் போட்டி போட முடியாது. இளமையில் அதன் பட்டை இளஞ்சிவப்பும் பழுப்புமாகச் சுருள் சுருளாக உரியும். வயதாக ஆக அடிமரம் கறுத்து, வெடித்து, சொரசொரப்பாகிவிடும். இருந்தும், அமெரிக்காவில் கோடை சுட்டெரிக்கும் இடங்களில் ரிவர் பிர்ச்சைத்தான் நடச் சொல்வோம்.

காரணம் பிர்ச் துளைப்பான் வண்டு. அதன் புழு பட்டைக்கு அடியில் நெளிந்து நெளிந்து குடைந்து சாறோட்டத்தை அறுத்துவிடும். முதலில் உச்சிக் கிளைகள் காயும், பிறகு கீழ்க்கிளைகளும் காயும். தண்டில் அரைவட்டமாக, ஆங்கில ‘D’ எழுத்தைச் சாய்த்து வைத்ததுபோல் சிறு துளை தெரிந்தால், உள்ளே வளர்ந்த வண்டு ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்று பொருள். இந்த வண்டு வட அமெரிக்காவைச் சேர்ந்தது. அதற்குப் பழக்கப்படாத ஐரோப்பிய மரம் எளிதில் பலியாகிறது. பேப்பர் பிர்ச் ஓரளவு தாங்கும், ஆனால் அது குளிர்நாட்டு மரம். வேர்மண் சூடேறி வாடினால் அதன் எதிர்ப்பும் போய்விடும். ரிவர் பிர்ச்சை இந்த வண்டு பெரும்பாலும் சீண்டுவதில்லை. வடக்கு மின்னசோட்டா, மெய்ன் போன்ற குளிர்ந்த இடங்களில் இருப்பவர்கள் பேப்பர் பிர்ச் நடலாம். அங்கே அதுவே மேல்.

ரிவர் பிர்ச்சின் பலவீனம் மண்ணில் இருக்கிறது. ஆற்றங்கரை மரமான இதற்கு அமில மண் வேண்டும், பி.எச். (மண்ணின் அமில-கார அளவு) 6.5-க்குக் கீழே இருப்பது நல்லது. கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலை மஞ்சளானதும் பலர் உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். அதற்கு முன் எந்த இலை என்று பாருங்கள். கிளை நுனியில் உள்ள புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. உள்பக்கத்துப் பழைய இலை முழுதாக மஞ்சளாகி ஜூலையிலேயே உதிர்ந்தால் தண்ணீர்க் குறை. அதற்கு உரம் போட்டுப் பயனில்லை. இரும்புக் குறைக்கு இ.டி.டி.எச்.ஏ. வகைச் செலேட் இரும்பு (கார மண்ணிலும் வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்பு) பலன் தரும், ஆனால் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். சுண்ணாம்பு மண்ணைக் கந்தகம் போட்டு நிரந்தரமாக மாற்றுவது நடக்கிற காரியமல்ல. மண் பரிசோதனையில் பி.எச். 7-ஐத் தாண்டினால் வேறு மரம் பாருங்கள்.

மண் சரி என்றால் அடுத்து எந்த ரகம் என்ற கேள்வி. ‘ஹெரிட்டேஜ்’ 1979-இல் காப்புரிமை பெற்ற ரகம். கன்றில் கட்டிய பெயர்ச்சீட்டில் ‘கல்லி’ என்றும் இருக்கும். பட்டை வெளிறியது, இலை பெரியது, வளர்ச்சி வேகம். 40 அடிக்கு மேல் உயர்ந்து, கிட்டத்தட்ட அதே அளவு பரவும் என்பதை மறந்து ஜன்னலோரம் நட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 20 அடி விடுங்கள். ‘டியூரா ஹீட்’ சற்றுச் சிறியது, 30 முதல் 40 அடி. அடர்பச்சை இலை, தென் மாநிலங்களின் வெயிலிலும் இலையைத் தக்கவைக்கும். ஜார்ஜியா, அலபாமா பக்கம் என்றால் எங்கள் தேர்வு இதுதான். ‘ஃபாக்ஸ் வேலி’ (‘லிட்டில் கிங்’) பத்தடி சுமாருக்கு நின்றுவிடும் குட்டை ரகம். மிக அடர்த்தியாக வளர்வதால், உரியும் பட்டையைப் பார்க்க நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

எந்த ரகமானாலும் குப்பை உண்டு: உரிந்த பட்டை, சுள்ளி, வசந்த முடிவில் விதை. நீச்சல் குளம், கார் நிறுத்துமிடம் பக்கம் வேண்டாம்.

ஒற்றைத் தண்டா, மூன்று தண்டுக் கொத்தா? பார்வைக்குக் கொத்துதான் நன்றாக இருக்கும். ஆனால் பல நர்சரிகளில் ஒரே தொட்டியில் மூன்று கன்றுகளை நெருக்கி நட்டு விற்கிறார்கள். தண்டுகள் பருத்ததும் இடையில் பட்டை சிக்கி, அவை சேரும் இடம் பலவீனமாகி, பனிப்பாரத்தில் பிளக்கும். அடியில் தண்டுகள் விலகி நிற்கும் கொத்தாகத் தேர்ந்தெடுங்கள். காற்றும் பனியும் அதிகமுள்ள இடத்தில் ஒற்றைத் தண்டே போதும்.

குழி வேர்க்கட்டியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு அகலம். ஆழம் மட்டும் வேர்க்கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தண்டு வேராக விரியும் இடம் மண்மட்டத்துக்கு மேல் தெரிய வேண்டும். தொட்டிக்குள் வட்டமடித்த வேர்களை வெட்டிவிடுங்கள். தண்டு விட்டம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு தடவைக்கு 1 முதல் 1.5 காலன் தண்ணீர்: முதல் இரண்டு வாரம் தினமும், 12-ஆம் வாரம்வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு வேர் பிடிக்கும்வரை வாரம் ஒருமுறை. மூடாக்கு மூன்று அங்குலம், தண்டைத் தொடாமல்.

கிளை வெட்டுவதைக் குளிர்கால முடிவில் வைத்துக்கொண்டால் வெட்டிய இடத்தில் சாறு ஒழுகும். மரத்துக்குக் கேடில்லை, பார்க்கத்தான் பயமாக இருக்கும். இலை உதிர்ந்த கையோடு வெட்டினால் அதையும் தவிர்க்கலாம். வெள்ளைப் பிர்ச் வைத்திருப்பவர்கள் மே முதல் ஜூலை வரை அரிவாளைத் தொடவே கூடாது. வண்டு பறக்கும் பருவம் அது, புது வெட்டுக்காயம் அதை இழுக்கும்.