கடலோர கேஷுவாலிட்டியில் காயப் பதிவேடு: எதற்கு உதவுகிறது, எங்கே சறுக்குகிறது

கேஷுவாலிட்டி மேசையில் இருக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) புத்தகம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் ஆனது. காயம் எங்கே, எவ்வளவு நீளம், யார் கூட்டி வந்தார் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். தமிழ்நாடு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமான டி.ஏ.இ.ஐ.-இல் இடம்பெற்றுள்ள ட்ராமா ரெஜிஸ்ட்ரி, அதாவது காயப் பதிவேடு, சிகிச்சையைத் திருத்துவதற்கானது. ராமநாதபுரம் கரையோரத்துக்கு இது கட்டாயம் வேண்டும்.

நோயாளி வந்ததும் மூன்று எண்கள் ஏற வேண்டும்: நினைவுநிலைக்கான ஜி.சி.எஸ். (3 முதல் 15 வரை), மேல் ரத்த அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. ஸ்கேன் முடிந்தபின், உடலின் ஒவ்வொரு பகுதியிலும் காயத்தின் கடுமைக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண். பனையிலிருந்து விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிவு 3, மார்பு 3, தலை 2 என்றால், ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9+9+4 = 22. 15-ஐத் தாண்டினாலே பெருங்காயம். மொத்தம் வெறும் 9 உள்ளவர் இறந்திருந்தால் அந்தக் கேஸ் ஷீட்டை உடனே எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கோ தாமதமோ தவறோ நடந்திருக்கலாம். பதிவேட்டின் உண்மையான பலன் இதுதான்.

நேரக் கட்டங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலத்தை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு போட்டால் கெடுதலே செய்யலாம் என்று 2011-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வின் பகுப்பாய்வு காட்டியது. விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கயிற்றில் சிக்கியவர் மண்டபம் கரைக்கு வரவே பல மணி நேரம் ஆகலாம். பதிவேட்டில் 'மருத்துவமனைக்கு வந்த நேரம்' மட்டும் இருந்தால் கணக்கே தப்பு. அடிபட்ட நேரம், கரை சேர்ந்த நேரம், 108 வந்த நேரம் மூன்றும் தனித்தனியாக வேண்டும்.

அடுத்தது காரணம். 'விழுந்தார்' என்று எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது. நோய்களுக்கும் காயக் காரணங்களுக்குமான உலகக் குறியீடான ஐ.சி.டி.-10-இல் மரத்திலிருந்து விழுவதற்கு டபிள்யூ14, நச்சுள்ள கடலுயிர் தீண்டலுக்கு எக்ஸ்26. திருக்கை முள் குத்தியவருக்குப் பொறுக்கக்கூடிய சூட்டில் (45 டிகிரிக்கு மிகாமல்) வெந்நீர் 30 முதல் 90 நிமிடம், டெட்டனஸ் ஊசி, முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே. இந்த மூன்றுக்கும் 'ஆம்/இல்லை' கட்டம் போட்டு, சீழ் பிடித்துத் திரும்பி வந்தவர்களையும் குறித்தால், எக்ஸ்ரே விட்டுப்போனவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும்.

குறைகளும் இருக்கின்றன. நேரத்தைக் கால் மணி, அரை மணி என்று உருட்டி எழுதுவது, விட்டுப்போன ஜி.சி.எஸ்.-ஐ மறுநாள் '15' என்று நிரப்புவது. இரண்டையும் தடுக்க, அதே ஷிப்டில் இருக்கும் நர்ஸே பதிய வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, மதுரைக்கு ரெஃபர் செய்தவுடன் அந்த நோயாளியின் பதிவு முடிந்துபோவது. மோசமான நிலையில் இருப்பவர்களே அங்கே போகிறார்கள். அவர்களை விட்டுவிட்டால் இங்குள்ள இறப்பு விகிதம் பொய்யாக நல்லதாகத் தெரியும். 2021 டிசம்பரில் தொடங்கிய, சாலை விபத்துச் சிகிச்சைக்கான 'நம்மைக் காக்கும் 48' அரசுத் திட்டத்தின் கணக்கும் போதாது; அது முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. சீழும் செப்சிஸும் (உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்று) பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

ஆகவே பதிவேட்டுக்கான மென்பொருள் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. 30-ஆம் நாள் மதுரைக்கும் நோயாளி வீட்டுக்கும் போன் செய்து முடிவைப் பதிய ஓர் ஆளும், மாதம் ஒருமுறை சர்ஜன், மயக்க மருத்துவர், நர்ஸ், 108 ஊழியர் சேர்ந்து உட்கார ஒரு மணி நேரமும் ஒதுக்கும் மருத்துவமனைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.