ஒற்றை சி கோப்பைத் தொகுக்க: பாஷ் சார்பா, மேக்கா?

கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு சி நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். சி கோப்பை ஓடும் நிரலாக மாற்றும், அதாவது தொகுக்கும், ஜிசிசி, எச்சரிக்கைத் தெரிவுகள், கோப்பின் பெயர், வெளியீட்டுப் பெயர் என்று அதே நீள வரியைத் திரும்பத் திரும்பத் தட்டுவதிலேயே நேரம் போய்விடுகிறது. இதைச் சுருக்க இரண்டு வழிகளைப் பாவித்துப் பார்த்தோம்.

முதலாவது, நாம் கட்டளைகளைத் தட்டும் பாஷின் அமைப்புக் கோப்பில் ஒரு சிறு சார்பு. பெயரைக் கொடுத்தால் தொகுத்து ஓட்டியும் காட்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் இரட்டை ஆம்பர்சண்ட் (&&) கட்டாயம் வேண்டும். அரைப்புள்ளி போட்டால், பிழை வந்து தொகுப்பு நின்றாலும் பழைய நிரலே ஓடும். ஒரு தங்கச்சி, தான் திருத்திய வரி ஏன் வேலை செய்யவில்லை என்று முக்கால் மணித்தியாலம் தேடினாள்.

இரண்டாவது, மேக் (make) என்ற தொகுப்புக் கருவி. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. விதிகளை எழுதி வைக்கும் மேக்ஃபைல் என்ற கோப்பு இல்லாமல் இது ஓடாது என்று பலர் நினைக்கிறார்கள். கோப்புறையில் கணக்கு.சி இருந்தால், 'மேக் கணக்கு' என்றாலே போதும். மிச்சத்தை அதற்குள் இருக்கும் விதியே பார்த்துக்கொள்ளும். எச்சரிக்கைத் தெரிவுகளை சிஃபிளாக்ஸ் (CFLAGS) என்ற சூழல் மாறியில் ஒருமுறை வைத்துவிடலாம். வர்க்கமூலம் காணக் கணித நூலகம் வேண்டுமென்றால் அதை எல்டிலிப்ஸ் (LDLIBS) என்ற மாறியில் வையுங்கள். எல்டிஃபிளாக்ஸ் (LDFLAGS) மாறியில் வைத்தால் அது மூலக் கோப்புக்கு முன்னால் போய்விடும். உபுண்டு லினக்ஸில், நூலகத்தை நிரலோடு சேர்க்கும் இணைப்பி வர்க்கமூலச் சார்பைக் காணவில்லை என்று நின்றுவிடும்.

மேக் நம்புவது கோப்பின் நேரத்தை. எங்கள் பக்கத்தில் கைமாறி வந்த பழைய மடிக்கணினிகள் நிறைய. உள்ளேயிருக்கும் காசு போன்ற பற்றரி செத்தால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். இணையம் இல்லாமல் தானாகத் திருந்தாது. அப்போது இப்போதுதான் சேமித்த கோப்பும் நிரலைவிடப் பழையதாகத் தெரிய, மேக் எதையும் தொகுக்காது. பென்டிரைவில் வரும் கோப்பு பழைய நேரத்தோடு வந்தாலும் இதே கதைதான். பெரிய பி (-B) தெரிவைச் சேர்த்தால் கட்டாயமாகத் தொகுக்கும். சிஃபிளாக்ஸை மாற்றிய பிறகும் அது தேவை.

சேமித்தவுடன் தானாகத் தொகுக்கும் கண்காணிப்புக் கருவிகளும் உண்டு. உள்ளீடு கேட்கும் நிரல்களுக்கு அவை சரிவரவில்லை, விட்டுவிட்டோம்.

என் தெரிவு மேக். இப்போது பிள்ளைகளின் பாஷ் சார்புக்குள் ஜிசிசி வரிக்குப் பதிலாக மேக்கை வைத்திருக்கிறோம். கடிகாரம் பிசகும் இரண்டு மடிக்கணினிகளில் மட்டும் பெரிய பி சேர்த்து.