ஏறும்போது வேர்க்கும், இறங்கும்போது விறைக்கும்: ஊட்டியில் நான்கு பனிக்காலம் ஓட்டிய எம்டிபி

2021 அக்டோபரில் இந்த எம்டிபியை, அதாவது மலைப் பாதையில் ஓட்டும் மவுண்டன் பைக் சைக்கிளை, வாங்கினேன். அலுமினிய ஃபிரேம், 29 இன்ச் சக்கரம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பதினாலரைக் கிலோ எடை. விலை நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்த விலையில் வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரி உதிரிபாகங்கள்தான், பெயிண்ட்தான் வேறு. வெயில் காலத்தில் எந்த சைக்கிளும் நல்ல சைக்கிள்தான் என்பதால், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இது என்ன பாடுபட்டது, என்னை என்ன பாடுபடுத்தியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். நான் லவ்டேல் பக்கம். குன்னூரிலிருந்து பேங்க்கில் வேலை பார்க்கும் அண்ணா ஒருவர் வருவார். கேத்தியில் காரட் போடும் மச்சான் ஒருவன். சொந்தமெல்லாம் இல்லை, ஊருக்கே மச்சான். நான்காவது ஆள் கோவையிலிருந்து காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வரும் நண்பர். பந்தயம், டைமிங் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லவ்டேலில் கிளம்பி, கேத்திப் பள்ளத்தாக்கின் காரட், பூண்டுத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் பாதைகளில் இறங்கி, பாலாடாவில் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு, இறங்கிய உயரத்தையெல்லாம் திரும்ப ஏற வேண்டும். 20, 25 கிலோமீட்டர் வரும். காப்புக்காட்டுப் பக்கம் போவதில்லை. அனுமதி இல்லாமல் நுழைந்தால் வனத்துறை அபராதம் போடும், போடுவதும் நியாயம்தான்.

ஊட்டிப் பனி வானத்திலிருந்து கொட்டுவதில்லை, தரையில் படிவது. வடகிழக்கு மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகி, காற்றும் அசையாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம் கூடி, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் மேட்டில் இருக்கும் என் வீட்டு வாசலில் 5 டிகிரி காட்டும் காலையில், கீழே காரட் பாத்தி விறைத்துக் கிடக்கும்.

எங்கள் பாதையோ மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்குகிறது. ஏற்றத்தில் ஜனவரியிலும் பனியன் நனையும். குளிர் இருக்கும் இடம் இறக்கம்தான். இது எனக்குப் புரிய இரண்டு பனிக்காலமும் கொஞ்சம் பணமும் செலவானது. முதல் வருடம் கனமான ஜாக்கெட், நல்ல சீட், லேசான பெடல் என்று வாங்கித் தள்ளினேன். உண்மையில் வாங்கியிருக்க வேண்டியது கையுறை.

அந்த முதல் ஜனவரியில், ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய கம்பளிக் கையுறையோடுதான் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னல் துணிக்குள் காற்று புகுந்து புறப்படும். பாதி இறக்கத்தில் பிரேக் லீவரில் இருந்த இரண்டு விரலும் என் விரல்கள் மாதிரியே இல்லை. பிடித்திருக்கிறேனா இல்லையா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தால் விரல் லீவர் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நிமிர்ந்தபோது வளைவு முடிந்து தோட்டம் வந்துவிட்டது. காரட் பாத்தியில் குப்புற விழுந்தவனை மச்சான் வந்து தூக்கவில்லை. “அறுப்புக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு மச்சான், எதுக்கு இப்பவே புடுங்கறே?” என்றான். அது அவன் சித்தப்பா தோட்டம் என்பதால் பேச்சு அதோடு போயிற்று.

இப்போது உள்ளே மெல்லிய கம்பளி, மேலே பைக் ஓட்டுபவர்கள் போடும் காற்றுப் புகாத கையுறை. மேல் கையுறை ஏற்றத்தில் பையில் இருக்கும், இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று மாட்டிக்கொள்வேன். நெஞ்சுக்கு ஜாக்கெட்டே வேண்டாம். ஒரு சாதாரண விண்ட்சீட்டர், அதற்குள் நான்காக மடித்த நாளிதழ். பேங்க் அண்ணா ஞாயிறு இணைப்பைத்தான் செருகுவார். டீக்கடையில் அதை எடுத்து, வேர்வை வாசனையோடு ராசிபலன் படிப்பார்.

பிரேக்குக்கு வருகிறேன். வண்டியோடு வந்தவை ரெசின் பேட், அதாவது பிசின் கலவையில் செய்த பிரேக் கட்டை. காய்ந்த மண்ணில் சத்தமில்லாமல் அழகாகப் பிடிக்கும். பனி உருகிய சேறு ஏறினால் சாந்து அரைத்த மாதிரி தேய்ந்துவிடும். முதல் பனிக்காலத்தில் மட்டும் பின்பக்கம் இரண்டு செட் மாற்றினேன். மெட்டல் பேட் போடு என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்கியும் வந்துவிட்டேன். மாட்டும்போதுதான் ரோட்டரில், அதாவது பேட் பிடிக்கும் வட்டத் தட்டில், பொடி எழுத்தில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருப்பதைப் பார்த்தேன். குறைந்த விலை ரோட்டரின் இரும்பு மென்மையானது, மெட்டல் பேட் அதைத் தின்றுவிடும். ஆக ரோட்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றிய பிறகு ஒரே செட் ஏறக்குறைய இரண்டு பனிக்காலம் ஓடியது. ஈரத்தில் கத்தும், ஊரே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். வாங்கும் முன் கடையில் குனிந்து அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

டயர் விஷயத்தில் இரண்டு எதிரிகள். ஒன்று, காலை எட்டரைக்கு மேல் வெயில் பட்டதும் வெண்ணெய் மாதிரி ஆகும் மேல் மண். அதற்கு 2.1 இன்ச் வழுவழு டயரைக் கழற்றிவிட்டு, பல் உயரமான 2.35 போட்டேன். நிலமே வேறு மாதிரி தெரிந்தது. இரண்டாவது எதிரி, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டுப்போன கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முள் புதர். அதன் முள் டியூபைச் சத்தமில்லாமல் குத்தும், பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும். குளிரில் விறைத்த விரலோடு பஞ்சர் ஒட்டுவது போன்ற தண்டனை வேறில்லை. டியூபுக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

காற்றழுத்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நான் வீட்டுக்குள் 28 பிஎஸ்ஐ அடித்துவிட்டு வெளியே வந்தால், குளிரில் காற்று சுருங்கி 26 ஆகிவிடும். கோவை நண்பரும் வீட்டில் 28 அடித்துக்கொண்டு வருவார். 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு வருவதால் அவருக்கு இரண்டரை போல இறங்க வேண்டும். ஆனால் 411 மீட்டரிலிருந்து இவ்வளவு உயரம் ஏறியதில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, கேஜ் ஏறக்குறைய அதே அளவு கூட்டிக் காட்டும். கூட்டலும் கழித்தலும் சரியாகப் போய், இங்கே வந்தும் அதே 28. “நம்ம ஊரு காத்துங்க, ஏமாத்தாதுங்க” என்பார். கணக்கை விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அவர் விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளே சுருள் ஸ்பிரிங். குளிரில் கிரீஸ் கெட்டியாகி முதல் கால் மணி நேரம் மரக்கட்டை மாதிரி இருக்கும், பிறகு தானே இளகும். இதற்காக ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ஏர் ஃபோர்க் மாற்றலாமா என்று விசாரித்தேன். விலையைக் கேட்டதும் கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வண்டி கழுவுவதில்தான் பெரிய தப்பு செய்தேன். பாலாடாவில் காரட் கழுவும் மிஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மண்ணோடு போன காரட் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று வெளியே வரும். மச்சானுக்கு அங்கே எல்லோரையும் தெரியும். “சைக்கிளையும் காட்டு, ஒரே நிமிஷம்” என்றான். ஓஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சியடித்ததில் நான்கு வண்டியும் ஷோரூம் வண்டி ஆகிவிட்டன. ஒரு பனிக்காலம் முழுக்க இப்படியே கழுவினோம். மார்ச்சில் என் பின் சக்கரம் மாவு மில் மாதிரி அரைக்க ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பேரிங்கில் கிரீஸே இல்லை, காபிக் கலரில் தண்ணீர்தான் இருந்தது. வேகமான தண்ணீர் ரப்பர் மூடியைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. இப்போது ஒரு வாளித் தண்ணீர், பழைய துணி, பல் தேய்க்கும் பிரஷ். செயினைத் துடைத்துக் காயவிட்டு, அப்புறம்தான் எண்ணெய்.

லைட்டின் பேட்டரியும் போனும் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் தாங்கும். பாட்டில் தண்ணீரைக் குடிக்க யாருக்கும் மனம் வராது. ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபிதான்.

கிளம்பும் நேரம் இன்றுவரை தீராத சண்டை. பேங்க் அண்ணாவுக்கு ஆறு மணி. பத்துக்குள் வீடு திரும்பி மார்க்கெட் போக வேண்டும் அவருக்கு. ஆறு மணிக்குப் பாதை இறுகலாக, ஓட்ட நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த நேரம் காட்டெருமைக்கும் பிடித்த நேரம். போன டிசம்பரில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு திருப்பம். மூடுபனியில் பாறை என்று நினைத்தது மூச்சு விட்டது. இருபது அடிதான் இருக்கும். மூக்கிலிருந்து வந்த ஆவியும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. பெல் அடிக்கவில்லை, பேசவில்லை, சைக்கிளைத் திருப்பக்கூட இல்லை. அப்படியே பின்னால் நகர்ந்தோம். அது எங்களைப் பொருட்படுத்தாமல் நின்று, நிதானமாகச் சரிவில் இறங்கிப் போகப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. கோவை நண்பர் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் எட்டு மணிக்கு முன் கிளம்புவதில்லை. சேறானாலும் பரவாயில்லை, உயரப் பல் டயர் எதற்கு இருக்கிறது. ஃபிரேம், கிராங்க், கியர் லீவர் எல்லாம் வாங்கியபடியே இருக்கின்றன. செயின் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. இன்னொரு முறை வாங்கினாலும் இதே விலையில் ஒரு ஹார்ட்டெயிலைத்தான் வாங்குவேன், ரோட்டருக்கும் டயருக்கும் கையுறைக்கும் ஏழாயிரம் தனியாக எடுத்து வைத்துவிட்டு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணாவிடமிருந்து செய்தி வந்திருக்கிறது: “ஞாயிறு 6.30, ஃபைனல்.” அரை மணி நேரம் இறங்கி வந்திருக்கிறார்.