கர்ப்பப்பை இறக்கச் சத்திரசிகிச்சை: அம்மாவுக்குச் சொல்லாமல் வைத்த மெஷ்

யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் கர்ப்பப்பை இறக்கத்துக்காக என் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது, எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மெஷ் எனப்படும் செயற்கை வலையை அவருடைய யோனிச் சுவருக்குள் வைத்துவிட்டார்கள். வீட்டில் வயதான பெண்கள் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுமையாக வாசியுங்கள்.

எழுபதைக் கடந்த அம்மா, "கீழே ஏதோ இறங்கி நிற்குது பிள்ளை" என்று சொல்வதற்கே வெட்கப்பட்டு நெடுநாள் மறைத்திருந்தார். பரிசோதித்த வைத்திய நிபுணர், உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் புற்றுநோயாகிவிடும் என்றார். அது உண்மையல்ல. பிரசவங்களாலும் வயதாலும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்து, கருப்பையோ சிறுநீர்ப்பையோ மலக்குடலோ யோனிக்குள் சரிவதுதான் இந்த நோய். இறக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை, தொந்தரவு தராத இறக்கத்துக்குச் சிகிச்சையே தேவைப்படாமலும் போகலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுப் பயந்துபோயிருந்த அம்மாவிடம் ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டிக் கையொப்பம் வாங்கினார்கள்.

கத்தி வைக்காமலேயே உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் ரிங் பெசரி என்ற வளையம் இருப்பதையோ, சில மாதங்களுக்கு ஒருமுறை கிளினிக்கில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாற்றிக்கொண்டு பல மூதாட்டிகள் நிம்மதியாக இருப்பதையோ அவர்கள் சொல்லவில்லை. சத்திரசிகிச்சைதான் வேண்டுமென்றாலும், கருப்பையை யோனி வழியாக அகற்றித் தளர்ந்த சுவர்களை உடலின் சொந்தத் திசுக்களைக் கொண்டே தைக்கும் முறை இருக்கிறது. தாம்பத்திய உறவு இனி வேண்டாம் என்று தாங்களே முடிவெடுத்த முதியவர்களுக்கு யோனியை மூடித் தைக்கும் முறையும் உண்டு.

பணம் கட்டிய பற்றுச்சீட்டை வீட்டில் பார்த்தபோதுதான், ஊசி, மருந்து, கையுறை என்ற வரிகளுக்கு நடுவே 'மெஷ்' என்ற ஒரு வரியும் அதற்கு நேரே மற்றவற்றையெல்லாம் மிஞ்சிய ஒரு தொகையும் கண்ணில் பட்டன. அதன் பின்னர் அம்மாவால் நிமிர்ந்து உட்கார முடியாத வலியும் இரத்தக்கசிவும் தொடங்கின. வலையின் விளிம்பு சுவரை அரித்து வெளியே தெரிவதாக அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் சொன்னார்கள். திசு வலைக்குள் வளர்ந்துவிடுவதால் அதை முழுமையாக எடுப்பது கடினமாம்.

இத்தகைய பாதிப்புகளால்தான் அவுஸ்திரேலியா 2017 இல் இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் மெஷ்களைத் தன் மருத்துவப் பொருட்கள் பதிவேட்டிலிருந்து நீக்க முடிவு செய்தது. இங்கிலாந்து 2018 யூலையில் அவற்றின் பாவனையை இடைநிறுத்தியது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைக்கும் மெஷ் வேறு. அந்த அமெரிக்க உத்தரவு அதற்குப் பொருந்தாது. ஆகவே "மெஷ் வைப்பீர்களா, எந்த வழியாக, ஏன்" என்று முன்கூட்டியே கேளுங்கள். படிவத்தைத் தமிழில் விளக்கும்வரை கையொப்பமிடாதீர்கள். இறங்கிய சிறுநீர்ப்பையை உயர்த்திய பின் சிலருக்குப் புதிதாகச் சிறுநீர்க்கசிவு வரும் என்பதால், அதையும் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

வைத்தியருக்கு எதிராக இலங்கை மருத்துவ சபைக்கும், வைத்தியசாலைக்கு எதிராக 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தற் பேரவைக்கும் முறைப்பாடு எழுதியிருக்கிறோம். மெஷ் பொதியுடன் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வழக்கமாக வரும். எங்களுடையதை அவர்கள் இன்னும் தரவில்லை. எந்த நிறுவனத்தின் வலை என்று தெரியாமலேயே அதை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சைக்கு அம்மா திகதி எடுத்திருக்கிறார்.