எண்ணத் தெரிந்தது, மணி பார்க்கத் தெரியவில்லை

மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள்" என்றார் மருத்துவர். அன்றிரவே விரத நேரத்தைக் கணக்கிடும் செயலி ஒன்றைக் கைபேசியில் ஏற்றினேன். பெயர் வேண்டாம். நான்கு மாதம் பயன்படுத்தியாயிற்று.

கடைசிக் கவளம் இறங்கியதும் பொத்தானைத் தொட்டால் வட்டம் ஓடத் தொடங்கும். 16 மணி நேரம் நிறைந்தால் திரையில் வாணவேடிக்கை. ஐம்பது வயதில் அதற்காகவே பசி பொறுத்துக் கிடந்தேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆனால், நண்பகல் முதல் இரவு 8 வரை உண்டாலும் வாணவேடிக்கை; காலை 8 முதல் மாலை 4 வரை உண்டாலும் அதே வாணவேடிக்கை. உடலுக்கு இரண்டும் ஒன்றல்ல. காலையில் இன்சுலினின் சொல் கேட்கும் உடல், இரவில் மந்தமாகிவிடுகிறது. 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், என்னைப் போல் வாசலில் நின்ற ஆண்கள் பிற்பகல் 3 மணிக்குள் அன்றைய கடைசி உணவை முடித்தார்கள். எடை குறையாமலே இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. நானும் குளுக்கோமீட்டரில் பார்த்தேன். அதே உணவு, அதே அளவு: காலையில் உண்டு இரண்டு மணி நேரம் கழித்து 128, இரவு 9 மணிக்கு உண்டபோது 161. ஒருவனுடைய விரல் நுனிக் கணக்குதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

16ஆம் மணியில் "செல்கள் தங்களைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டன" என்று செய்தி வரும். ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி அந்த வழிமுறையை ஈஸ்ட்டில் ஆராய்ந்து 2016இல் நோபல் பரிசு பெற்றார். என் செல்களை இந்தக் கைபேசி எப்படி எட்டிப் பார்த்ததோ!

உருப்படியான ஒன்று உண்டு: உணவுக்குப் பின் 15 நிமிடம் நடக்கச் சொல்லும் நினைவூட்டல். அசையும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நடந்த இரவுகளில் மீட்டரும் அதை ஒப்புக்கொண்டது. இவ்வளவு நல்ல வசதியை அமைப்புகளின் அடியாழத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. வயதையும் எடையையும் கேட்கும் செயலி, மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்கவே இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை விழுங்குபவரோ மருத்துவரைக் கேட்காமல் 16 மணி நேரம் பட்டினி கிடந்தால், சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துபோகலாம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. நடைக்கு மட்டும் கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டேன்.