விபத்து வழக்கு அழைப்பாணையை இன்சூரன்ஸ் முகவரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வாகனம் வைத்திருக்கிற எல்லாரும் இதை வாசியுங்கள். விபத்துக்குப் பிறகு உங்கள் பெயருக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால், "இன்சூரன்ஸ் பாக்கும்" என்று யார் சொன்னாலும் பேசாமல் இருக்காதீர்கள். எங்கள் அண்ணா அப்படி இருந்ததால், அவர் பக்கத்துக் கதையை ஒருவரும் கேட்காமலேயே அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிட்டது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற ஏ35 வீதி. விசுவமடுவுக்குக் கிட்ட, மைமல் நேரம், குறுக்கே வந்த மாட்டுக்கு வெட்டி எடுத்தபோது அண்ணாவின் கார் எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் அடித்துவிட்டது. அதில் வந்த பெடியனுக்குக் கால் முறிவு. பிழை எங்கள் பக்கம், அதில் மறுபேச்சு இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் அண்ணா குற்றத்தை ஏற்றுத் தண்டம் கட்டினார். பெடியனின் சிகிச்சைச் செலவும் வேலை இழப்பும் அவனுக்குக் கிடைக்கத்தான் வேண்டும். அதற்காகத்தானே வருடா வருடம் காசு கட்டி முழுக் காப்புறுதி எடுத்து வைத்திருந்தார்.

அந்தக் காப்புறுதியைப் போட்டுக் கொடுத்த முகவர்தான் எங்கள் பகுதியில் பாதிப் பேருக்குப் பத்திரம் போட்டுக் கொடுப்பவர். விபத்து நடந்த அன்று முதலில் ஓடி வந்தவரும் அவர்தான். சேதத்தை மதிப்பிடுகிற அசெசர் வந்து படம் எடுத்து முடியும்வரை வீதியில் கூடவே நின்றார். அந்த நம்பிக்கையில்தான் பிறகு வந்த எல்லாக் கடுதாசியும் அவர் கைக்குப் போனது.

முதலில் வந்தது பெடியனின் சட்டத்தரணி அனுப்பிய கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபாலில். முகவர் அதை வாங்கித் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, "அண்ணை, உதுக்குப் பதில் எழுதக்கூடாது, நான் ஹெட் ஒபிசுக்கு அனுப்பிறன்" என்றார். பிறகு கனகாலம் ஒரு சத்தமும் இல்லை. விபத்து நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் போடலாம். எல்லாம் அடங்கிவிட்டது என்று நாங்கள் நினைத்திருக்கிற நேரத்தில்தான் நீதிமன்றக் கடுதாசிகளைக் கொண்டுவந்து கொடுக்கிற பிஸ்கால் அலுவலர் அழைப்பாணையோடு படலையில் வந்து நின்றார். அந்த மூலப் பிரதியையும் முகவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவு அவர் வைபரில் அனுப்பிய குரல் பதிவு இன்னும் அண்ணாவின் போனில் இருக்கிறது: "கோட்டுக்கு நீங்கள் வரத் தேவையில்லை அண்ணை. கம்பெனி லோயர் நிப்பார். நீங்கள் போய் ஏதும் வாய் விட்டால்தான் பிரச்சினை."

இதில் பாதி உண்மை இருந்தபடியால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ காசு தருவதாகச் சொல்லவோ கூடாது என்று காப்புறுதிப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை இருக்கும். நீதிமன்றத்துக்குப் போகாதே என்று அது சொல்லவில்லை. வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் அழைப்பாணையையும் உடனே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பத்திரத்தில்தான் இருக்கிறது. அதை அவர் எங்களுக்குச் சொல்லவே இல்லை.

தவணையன்று அண்ணாவின் பெயர் கூப்பிடப்பட்டபோது அவருக்காக ஒருவரும் எழும்பவில்லை. வழக்கு, மற்றப் பக்கத்தை மட்டும் கேட்கிற ஒருதலைப்பட்ச விளக்கத்துக்குப் போய்த் தீர்ப்பாகி, தீர்ப்பாணை வீட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, காணி போகுமோ என்று கேட்டா. யுத்தம் முடிந்து திரும்பி வந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து எடுத்த காணி அது.

கம்பெனிக் கிளைக்குப் போனோம். இப்படியொரு வழக்கைப் பற்றித் தங்களுக்கு ஒரு துண்டுக் கடிதமும் வரவில்லை என்றார்கள். முகவர் தான் அப்பவே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார், காட்ட ஒரு ரசீது இல்லை. முகவர் தங்கள் ஊழியர் இல்லையாம், கொமிசனுக்கு வேலை செய்கிறவராம். பத்திரம் விற்க வரும்போது கம்பெனிச் சேட்டோடு வந்து கம்பெனி ரசீதில் காசு வாங்கிய ஆளை, பிரச்சினை வந்ததும் யாரோ என்று சொல்வதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

இனிச் சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். இதை எங்களுக்கு ஒருவரும் முன்பே சொல்லித் தரவில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, இப்படியான தீர்ப்புக் காசைக் காயப்பட்டவருக்குக் கட்ட வேண்டியது காப்புறுதிக் கம்பெனி. ஆனால் 106ஆம் பிரிவு ஒரு கதவை வைத்திருக்கிறது. வழக்குத் தொடங்க முன்னரோ, தொடங்கி 7 நாளுக்குள்ளோ வழக்கைப் பற்றிக் கம்பெனிக்கு அறிவித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிரிவின் கீழ் கம்பெனி கட்டத் தேவையில்லை. அந்த 7 நாள், வழக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஓடுகிறது. அழைப்பாணை உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கலாம். ஆகவே கோரிக்கைக் கடிதம் வந்த அன்றே, வழக்கு வரப்போகிறது என்று கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். வழக்கின் எந்தத் தரப்பும் இந்த அறிவித்தலைக் கொடுக்கலாம். காயப்பட்டு வழக்குப் போடுகிறவர்களும் தங்கள் சட்டத்தரணியிடம் இதைக் கேட்டுச் செய்விக்க வேண்டும். கம்பெனி கையை விரித்தால், கால் முறிந்த பிள்ளைக்குத்தான் காசு வராமல் போகும்.

எங்களைக் காப்பாற்றியது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86ஆம் பிரிவு. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள், வராமல் போனதற்கு நியாயமான காரணத்தைக் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். வவுனியாவில் ஒரு சட்டத்தரணி அம்மா அதே கிழமை சத்தியக்கடதாசி தயாரித்தா. அழைப்பாணையைக் கொடுக்க முன் தங்கச்சி போனில் எடுத்து வைத்த படமும், முகவரின் குரல் பதிவும் கைகொடுத்தன. செலவுத் தொகை கட்டும்படி சொல்லி நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. இப்போது அண்ணா மறுமொழி தாக்கல் செய்து வழக்கில் நிற்கிறார். கம்பெனியோடு உள்ள பிணக்கு இன்னும் முடியவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதி அவர்கள் மறுத்ததால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

உங்களுக்கு இப்படி வந்தால் மூலப் பிரதியை ஒருவரிடமும் விடாதீர்கள். பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தச் சிட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், அல்லது கிளையில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். கம்பெனி சட்டத்தரணியை நியமிக்கிறது என்றால் அவர் பெயரைக் கேட்டு, அவருக்கு நீங்களே கையெழுத்து வைத்து புரொக்சி (உங்களுக்காக நிற்க அவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரம்) கொடுத்தீர்களா என்று பாருங்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு சட்டத்தரணி உங்களுக்காக எழும்ப முடியாது. இந்த ஒரு விடயம் தெரிந்திருந்தாலே அந்த முகவரின் பொய் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். தவணையன்று நீங்களும் போய் நில்லுங்கள். சட்டத்தரணிக்குக் கட்ட வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தைக் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் காசு அனுப்பி இங்கே ஒருவர் பெயரில் எடுத்து, இன்னொருவர் ஓடுகிற வாகனங்கள் வன்னியில் கனக்க. வழக்கு வந்தால் ஓடினவரோடு பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரையும் எதிராளியாகப் போடுவார்கள். அந்தப் பெயர் உங்கள் அம்மாவுடையதாகவோ அக்காவுடையதாகவோ இருந்தால், அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.