மாஸ்லோவா, ரொஜர்ஸா: வன்னியில் ஒரு படலையைத் திறக்கும்போது

இலங்கையின் வடக்கே வன்னியில், போரில் பாதிக்கப்பட்ட ஒரு வீட்டுக்கு உதவப் போகிறவர் எந்த உளவியலாளரின் வழியில் போவது? மனிதநேய உளவியலில் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் மனிதரின் தேவைகளை வரிசைப்படுத்தினார்: முதலில் உணவு, பிறகு பாதுகாப்பு, அப்புறம் அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை முழுமையாக்குவது. வீட்டுத்திட்டம், கிணறு, அரச நிவாரணம் என்று படிவம் நிரப்ப இது நன்றாக உதவும்.

அதே துறையின் கார்ல் ரொஜர்ஸின் வழி வேறு. 1957இல் எழுதிய கட்டுரையில் அவர் உதவுபவரிடமே மூன்று குணங்களைக் கேட்டார்: மற்றவர் நிலையில் நின்று உணர்வது, நிபந்தனையில்லாத மதிப்பு, பாசாங்கின்மை.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயிடம் மாஸ்லோவின் வரிசை குலைந்துவிடுகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தாய்மார் வீதியோரம் போராட உட்கார்ந்தபோது சாப்பாடும் தூக்கமும் பின்னால் போயின. (வரிசை அவ்வளவு இறுக்கமானதல்ல என்று மாஸ்லோவே எழுதியிருக்கிறார். படிவங்கள்தான் அதை மறக்கின்றன.) அந்த அம்மாவிடம் "நடந்தது நடந்துபோச்சு, இனி உங்கட வாழ்க்கையைப் பாருங்கோ" என்பது கொடுமை. "மகனைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டுவிட்டு, அவர் தரும் தேத்தண்ணியோடு பேசாமல் இருக்க வேண்டும். அவசரப்படக் கூடாது.

சரி, கூரை ஒழுகுவதைக் காணாமல் வருவதும் பிழைதான். நான் ரொஜர்ஸோடு உள்ளே போவேன். கிளம்பும் முன் தறப்பாள் வேண்டுமா என்று கேட்பேன்.